திருத்தவா? தண்டிக்கவா? கவிஞர் அலெக்சாண்டர் போப் வாழ்வு தரும் பாடம்



போப் என்ற பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருபவர் உரோமையில் இருக்கும் திருத்தந்தை. தமிழார்வம் உள்ளவர்களுக்குத் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி.யு. போப் நினைவுக்கு வரலாம். இன்று நாம் சிந்திக்கப் போவது வேறொரு போப்பைப் பற்றி. அவர் பெயர் அலெக்சாண்டர் போப். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலக் கவிதை உலகில் அவருக்கு இணையாக யாரும் இருக்கவில்லை. எது நல்ல கவிதை, எது போலிக் கவிதை என்று அளந்து காட்டும் அளவுகோலை அவர் காலத்து இங்கிலாந்து அவரிடமிருந்தே பெற்றது எனலாம். அங்கதம் என்று தமிழில் வழங்கும் நையாண்டிக் கவிதையில் இன்றும் ஆங்கிலத்தில் அவரே தலைமகன்.

கத்தோலிக்கராக இருப்பது குற்றம்போல் நடத்தப்பட்ட நாட்டில் கத்தோலிக்கராகப் பிறந்து, கத்தோலிக்கராகவே இறந்தவர் அவர். இது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. அவர் புனிதர் அல்லர். ஆனால் சொல்லால் காயப்பட்டு, சொல்லால் பிறரைக் காயப்படுத்திய அவருடைய வாழ்வில், நாவையும் விரல்நுனியையும் அடக்கத் தெரியாமல் தவிக்கும் நமக்கு நல்ல பாடம் இருக்கிறது.

சட்டம் ஒதுக்கிய குடும்பம்

1688ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இலண்டன் மாநகரின் லொம்பார்டு தெருவில் போப் பிறந்தார். தந்தை துணி வணிகர். கத்தோலிக்க மறையைத் தாமே தேடி ஏற்றுக்கொண்டவர். தாய் எடித் பக்தியுள்ள கத்தோலிக்கப் பெண்மணி. அதே ஆண்டின் இறுதியில் கத்தோலிக்க அரசரான இரண்டாம் ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. அதன்பின் கத்தோலிக்கர் மீது சட்டங்களின் பிடி இறுகியது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் அவர்கள் பட்டம் பெற முடியாது. அரசுப் பதவி கிடையாது. நில வரியை இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். இலண்டனைச் சுற்றிப் பத்து மைலுக்குள் அவர்கள் குடியிருக்கக் கூடாது என்றும் சட்டம் சொன்னது. திருப்பலி நிறைவேற்றிய குருவைக் காட்டிக்கொடுத்துத் தண்டனை வாங்கித் தருபவருக்கு 100 பவுன் பரிசு தரும் சட்டம்கூட 1700ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

இந்த நெருக்கடியில் போப் குடும்பம் இலண்டனை விட்டு வின்சர் காட்டுப் பகுதியிலுள்ள பின்ஃபீல்டு என்ற ஊருக்குச் சென்றது. சிறுவன் போப் ஒரு குருவானவரிடம் இலத்தீனும் கிரேக்கமும் பயின்றான். சிறிது காலம் மறைவாக நடந்த கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்தான். அவற்றில் ஒன்றில் ஆசிரியரைக் கேலி செய்து கவிதை எழுதி அடி வாங்கினான் என்று சொல்வார்கள். மற்றபடி அவன் கற்றதெல்லாம் தந்தையின் வீட்டில், தானே தேடிப் படித்தவைதான்.

பன்னிரண்டு வயதளவில் எலும்புருக்கி நோய் அவனுடைய முதுகெலும்பைத் தாக்கியது. முதுகு கூனியது, வளர்ச்சி நின்றது. வளர்ந்த பிறகும் அவர் உயரம் நாலரை அடிதான். தலைவலியும் மூச்சுத்திணறலும் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. பிற்காலத்தில் கெட்டியான துணிக் கச்சையால் உடலை இறுக்கிக் கட்டினால்தான் அவரால் நிமிர்ந்து உட்கார முடிந்தது. உடை உடுத்தவே மற்றவர் உதவி வேண்டியிருந்தது. சட்டம் ஒரு பக்கம் ஒதுக்கியது. உடல் மறுபக்கம் ஒதுக்கியது. அவரிடம் எஞ்சியிருந்தது சொல் ஒன்றே.

அளவுகோல் செய்த இளைஞர்

1711இல், 23ஆம் வயதை எட்டும் வேளையில், போப் வெளியிட்ட நூல் 'திறனாய்வு பற்றிய கட்டுரை'. பெயர் கட்டுரை என்றாலும் அது முழுவதும் கவிதை. இரண்டிரண்டு அடிகளாக, அடிக்குப் பத்து அசைகளாக, அடி இறுதியில் ஓசை ஒத்து வரும்படி எழுதப்பட்டது. ஹோமர், வெர்ஜில், ஹொரேஸ் ஆகிய பழம்பெரும் கவிஞர்களின் வழியில் நின்று, கவிதையை எப்படி எழுதுவது, அதைவிட முக்கியமாக, பிறர் எழுதியதை எப்படி மதிப்பிடுவது என்று அதில் அவர் விளக்கினார்.

அந்த நூல் சொல்லும் நெறிகள் நம் உள்ளச் சோதனைக்குக்கூடப் பயன்படும். திறனாய்வாளரின் முதல் பகைவன் செருக்கு என்கிறார் போப். கொஞ்சம் படித்தவருக்கே அந்தச் செருக்கு அதிகம் என்றும் எச்சரிக்கிறார். ஒரு நூலை அதன் உறுப்பு உறுப்பாகக் கிழித்துப் பார்க்காமல், முழுமையாகப் பார்க்க வேண்டும். எழுதியவர் எதை நோக்கி எழுதினாரோ அந்த நோக்கத்தை உணர்ந்து படிக்க வேண்டும். எழுதியவரின் பெயரையோ பதவியையோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பொறாமை கூடாது. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கேட்பவர் ஏற்றுக்கொள்ளும் விதத்தில் சொல்ல வேண்டும். மன்னிப்பைப் பற்றி இந்நூலில் அவர் எழுதிய ஓர் அடி இன்று ஆங்கிலம் பேசும் உலகெங்கும் பழமொழியாக வழங்குகிறது.

ஆனால் இதே நூலில் ஜான் டென்னிஸ் என்ற மூத்த திறனாய்வாளரின் கோபச் சுபாவத்தைப் போப் ஒரு குத்துக் குத்தியிருந்தார். டென்னிஸ் வெகுண்டார். சில வாரங்களிலேயே எதிர்நூல் எழுதி, கவிதையைத் தாக்கியதோடு நில்லாமல், கவிஞரின் கூனையும் குள்ளத்தையும் இழிவாகப் பேசினார். அன்று தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போப்பின் உடலையும் மதத்தையும் கேலி செய்யும் நூல்கள் வந்துகொண்டே இருந்தன. 1729இல் வந்த ஒரு நூலில், திருத்தந்தையின் மும்முடியைத் தலையில் சூட்டி, குரங்கு உடலோடு அவரைப் படம் வரைந்து அச்சிட்டார்கள். அவருடைய பெயரே எதிரிகளுக்கு ஆயுதமாயிற்று.

சிரிப்பால் இணைக்க முயன்ற கவிதை

போப்பின் நையாண்டி எப்போதும் கசப்பாக இருந்ததில்லை. அன்றைய இங்கிலாந்தில் இருந்த சிறிய கத்தோலிக்கச் சமூகத்தில் பெரிய குடும்பங்கள் இரண்டிற்கிடையே மனத்தாங்கல் ஏற்பட்டது. பீற்றர் பிரபு என்ற இளைஞர், அரபெல்லா ஃபெர்மோர் என்ற பெண்ணின் தலைமுடிச் சுருள் ஒன்றை அவளுக்குத் தெரியாமல் வெட்டி எடுத்துவிட்டார். விளையாட்டாகச் செய்தது வினையாயிற்று. இரு வீட்டாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இருவருக்கும் வேண்டியவரான ஜான் கேரில் என்ற கத்தோலிக்க நண்பர், இவர்களைச் சிரிக்க வைத்துச் சேர்த்துவைக்கும்படி போப்பைக் கேட்டுக்கொண்டார்.

அப்படிப் பிறந்ததுதான் 'கூந்தல் சுருள் பறிப்பு' என்று பொருள்படும் புகழ்பெற்ற கவிதை. 1712இல் சிறியதாக வந்து, 1714இல் ஐந்து பகுதிகளாக விரிந்தது. ஒரு முடிச்சுருளுக்காக நடந்த சண்டையை, திராய் நகரப் போரைப் பாடும் பெருங்காப்பிய நடையில் பாடினார் போப். சின்ன விஷயத்துக்குப் பெரிய நடையைப் போர்த்தியதும் அதன் சிறுமை தானாக வெளிப்பட்டது. 1717ஆம் ஆண்டுப் பதிப்பில், அழகு வாடிவிடும், நல்ல குணமே நிலைக்கும் என்ற கருத்துள்ள ஒரு பகுதியையும் சேர்த்தார். யாரையும் வெறுக்காமல் எல்லாரையும் சிரிக்க வைத்த இந்தக் கவிதையே அவருடைய நூல்களில் மிகச் சிறந்தது எனப் பலர் கருதுகின்றனர். பங்குகளிலும் குடும்பங்களிலும் முடிச்சுருள் அளவு காரணத்துக்காக ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது, இப்படி ஒரு கவிஞர் இல்லையே என்று நமக்கும் தோன்றுகிறது.

விற்கப்படாத விசுவாசம்

1715 முதல் 1720 வரை ஹோமரின் இலியட் காப்பியத்தை ஆறு தொகுதிகளாக ஆங்கிலக் கவிதையில் தந்தார். முன்பணம் கட்டிய வாசகர்களின் ஆதரவோடு வந்த அந்த மொழிபெயர்ப்பு அவருக்குச் சுமார் 5,000 பவுன் ஈட்டித் தந்தது. அக்காலத்தில் அது பெரும் செல்வம். எந்தப் பிரபுவின் வாசலிலும் காத்திருக்காமல் பேனாவை நம்பி வாழ முடியும் என்று காட்டிய முதல் ஆங்கிலக் கவிஞர்களுள் அவர் ஒருவர். அந்தப் பணத்தில்தான் தேம்ஸ் நதிக்கரையில் டுவிக்கன்காம் என்ற இடத்தில் வீடும் தோட்டமும் அமைத்து 1719 முதல் வாழ்ந்தார்.

1717இல் அவருடைய தந்தை இறந்தார். அப்போது அவரது நண்பரான ஆங்கிலிக்கன் ஆயர் அட்டர்பரி, இனி நீங்கள் அரசாங்கத் திருச்சபைக்கு வரலாமே என்று எழுதினார். வந்திருந்தால் பதவியும் உதவித்தொகையும் திறந்த கதவுகளாக இருந்திருக்கும். போப் மறுத்துவிட்டார். உலக ஆதாயத்துக்காக மாறத் தமக்கு மனமில்லை என்றும், முதிய தாயின் மனத்தை நோகடிக்க முடியாது என்றும் பணிவோடு பதில் எழுதினார். அதே ஆயர் 1723இல் அரச துரோகக் குற்றச்சாட்டில் பிரபுக்கள் சபை முன் நிறுத்தப்பட்டபோது, கத்தோலிக்கரான போப் துணிந்து சென்று அவருக்காகச் சாட்சி சொன்னார். கத்தோலிக்கர் மீது அரசின் சந்தேகம் உச்சத்தில் இருந்த ஆண்டு அது.

தாயை அவர் தம் வீட்டிலேயே வைத்துக் காத்தார். சுமார் 90 வயதில், 1733இல் தாய் இறந்தபோது தோட்டத்தில் அவருக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பினார். நான்காம் கட்டளையை அவர் கடைப்பிடித்த விதத்தை அவருடைய எதிரிகளாலும் குறை சொல்ல முடியவில்லை.

அளவுகோல் சாட்டையானபோது

1695இல் இங்கிலாந்தில் நூல்களை அச்சிட முன் அனுமதி வாங்கும் சட்டம் காலாவதியானது. அச்சகங்கள் பெருகின. பணத்துக்கு எதையும் எழுதுவோரும், வசைநூல் வெளியிடுவோரும், பிறர் கடிதங்களைத் திருடி அச்சிடுவோரும் பெருகினார்கள். இந்த வெள்ளத்தில் நல்ல எழுத்தும் நல்ல ரசனையும் அடித்துச் செல்லப்படும் என்று போப் உண்மையாகவே அஞ்சினார். அவருடைய நெருங்கிய நண்பரும் டப்ளின் நகரின் ஆங்கிலிக்கன் குருவுமான ஜோனத்தன் ஸ்விஃப்டும் அப்படியே எண்ணினார். இந்த அச்சத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் நியாயத்தோடு சொந்தக் காயமும் கலந்தது. 1725இல் போப் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பதிப்பித்தார். தமக்குப் பிடிக்காத வரிகளைப் பக்கத்தின் அடிக்குத் தள்ளினார். பழைய பிரதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் போதிய கவனம் செலுத்தவில்லை. மறு ஆண்டே லூயிஸ் தியோபால்ட் என்ற அறிஞர் அப்பதிப்பின் பிழைகளை எடுத்துக்காட்டி ஒரு நூல் எழுதினார். 1728இல் போப்பின் 'டன்சியாட்' வெளிவந்தது. மூடர்களின் காப்பியம் என்பது அதன் பொருள். அதில் மூடர்களின் அரசனாக முடி சூட்டப்பட்டவர் அதே தியோபால்ட். பல எழுத்தாளர்கள் அதில் வாரி இழுக்கப்பட்டார்கள். அவர்களுடைய எழுத்து மட்டுமல்ல, அவர்களுடைய வறுமையும் பசியும்கூடக் கேலிக்கு இலக்காயின.

கவிதை என்ற அளவில் டன்சியாட் பெரும் படைப்பு. ஆனால் தியோபால்ட் சுட்டிய திருத்தங்களில் பல சரியானவை. ஷேக்ஸ்பியர் பதிப்பாசிரியர்களில் அவர் முன்னோடி என்று பின்வந்த அறிஞர்கள் ஒப்புக்கொண்டனர். எழுத்தின் தரத்தைக் காக்க எழுந்த கவிஞர், தம் குறையைச் சரியாகச் சுட்டியவரையே மூடர் என்று உலகுக்குக் காட்டிவிட்டார். தாம் 1711இல் எழுதிய நெறிகளின்படி இதைச் சோதித்திருந்தால், போப் தம்மைத் தாமே கண்டித்திருக்க வேண்டும். வேறு குறைகளும் உண்டு. ஒடிசி மொழிபெயர்ப்பில் பாதியைச் செய்த இரு நண்பர்களின் பங்கைக் குறைத்தே வெளியில் சொன்னார். தம் கடிதங்களை மாற்றித் திருத்தி, தந்திரமாக அச்சேற வைத்தார்.

டன்சியாட் வந்த பிறகு, பெரிய நாய் ஒன்றையும் துப்பாக்கிகளையும் துணைக்கு வைத்துக்கொண்டே அவர் உலாவச் சென்றார் என்று சொல்வார்கள். எதிரிகளின் வசைநூல்கள் தமக்குப் பொழுதுபோக்கு என்று அவர் சொல்லிக்கொள்வார். ஆனால் அவற்றைப் படிக்கும்போது அவர் முகம் வேதனையால் நெளிந்ததை அருகில் இருந்த நண்பர்கள் கண்டார்கள். சாட்டை வீசிய கை, தன் மேல் விழுந்த அடிகளை மறக்கவே இல்லை.

மரணப் படுக்கையிலிருந்து ஓர் அறிவுரை

போப்பின் நண்பர்களில் ஒருவர் டாக்டர் அர்பத்நாட். ஆன் அரசியின் மருத்துவர். தாமும் நல்ல நகைச்சுவை எழுத்தாளர். 1734இல் தம் முடிவு நெருங்கிவிட்டதை உணர்ந்த அவர் போப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். தீமையை வெறுக்கும் உங்கள் குணத்தை விட்டுவிடாதீர்கள், ஆனால் தண்டிப்பதைவிடத் திருத்துவதில் கருத்தாயிருங்கள் என்பதே அதன் சாரம்.

போப் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளைச் சுட்டாமல் தீமையைப் பொதுவாகச் சாடினால் யார் காதிலும் ஏறாது என்று வாதிட்டுப் பதில் எழுதினார். 1735 தொடக்கத்தில் அந்த நண்பருக்கே காணிக்கையாக ஒரு கவிதை மடல் வெளியிட்டார். அதில் ஹார்வி பிரபுவைப் பற்றி அவர் எழுதிய பகுதி, ஆங்கில மொழியிலேயே மிகக் கொடூரமான வசை எனலாம். அதே கவிதையின் இறுதியில் தம் தந்தையின் நேர்மையையும் தாயின் முதுமையையும் மிகக் கனிவாகப் பாடுகிறார். ஒரே பேனாவிலிருந்து நஞ்சும் தேனும் வந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில் அர்பத்நாட் மறைந்தார்.

ஆனாலும் அந்த அறிவுரையின் பக்கம் போப்பின் இதயம் சாய்ந்த தருணங்கள் உண்டு. இளவயதில் அவருடைய கூனை முதன்முதலாக இழித்துப் பேசிய டென்னிஸ், 1733இல் முதுமையில் பார்வையிழந்து வறுமையில் வாடினார். அவருக்கு நிதி திரட்ட நடந்த நாடகத்துக்கு முன்னுரைக் கவிதை எழுதிக் கொடுத்தவர் போப். அதிலும் மெல்லிய குத்தல் உண்டு என்பது உண்மையே. ஆனாலும் கொடுத்தார். ரிச்சர்டு சாவேஜ் என்ற ஏழைக் கவிஞருக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்பினார். 1738இல் யாரென்றே தெரியாத சாமுவேல் ஜான்சனின் கவிதையைப் பாராட்டி, அந்த இளைஞருக்கு உதவவும் முயன்றார். இலக்கியத்தில் தரம் பார்க்கத் தெரிந்தவர் என்பதற்கு இதுவே சான்று: தமக்குப் பின் வரப்போகும் பெரியவரை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

முழந்தாளில் முடிந்த வாழ்வு

1733-34இல் போப் எழுதிய 'மனிதனைப் பற்றிய கட்டுரை' ஐரோப்பா எங்கும் படிக்கப்பட்டது. அதில் கிறிஸ்துவைப் பற்றியோ மீட்பைப் பற்றியோ பேச்சில்லை என்று பலர் குறை கூறினர். 1742இல் பிரான்சு நாட்டுக் கவிஞர் லூயி ரசீனுக்கு எழுதிய கடிதத்தில், தம் கருத்துகள் பாஸ்கல், ஃபெனெலோன் ஆகியோரின் கருத்துகளோடு ஒத்தவை என்று அவர் விளக்கம் தந்தார்.

1744 மே மாதம் மூச்சுத்திணறலும் நீர்க்கோவையும் முற்றின. கத்தோலிக்கரும் வரலாற்றாசிரியருமான நத்தானியேல் ஹூக், உம் தாய் தந்தையர் இறந்ததுபோல நீரும் ஒரு குருவை அழைத்து இறக்க விரும்பவில்லையா என்று கேட்டார். போப் சம்மதித்து, நினைவூட்டியதற்கு நன்றியும் சொன்னார். குருவானவர் வந்தார். எழவும் இயலாத அந்த நிலையில், படுக்கையை விட்டு இறங்கி முழந்தாளிட்டு இறுதி அருட்சாதனங்களைப் பெற அவர் முயன்றார் என்று சொல்லப்படுகிறது. மே 30ஆம் நாள், தமது 56ஆம் வயதில், அமைதியாக இறைவனடி சேர்ந்தார். டுவிக்கன்காம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களைத் தீர்ப்பிட்டவர், இறுதியில் தீர்ப்பிடும் இருக்கையை விட்டு இறங்கி, மன்னிப்புக் கேட்கும் இடத்தில் முழந்தாளிட்டார்.

நமக்கு

அன்பர்களே, நையாண்டியே பாவம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கார்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினரை எலியா கேலி செய்தார். நம் ஆண்டவரும் கண்ணில் மரக்கட்டையை வைத்துக்கொண்டு அடுத்தவர் கண்ணின் துரும்பைத் தேடுபவரைக் காட்டி நம்மைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தார். தாவீது அரசரின் பாவத்தை நாத்தான் ஒரு கதையின் வழியாகவே சுட்டினார். ஆனால் நாத்தானின் நோக்கம் தாவீதை ஊர் சிரிக்க வைப்பதல்ல; அழுது மனம் திரும்ப வைப்பது. திருத்துவதற்கும் தண்டிப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. திருத்துபவர் எதிரே நிற்பவரின் நன்மையைப் பார்க்கிறார். தண்டிப்பவர் தம் காயத்தைப் பார்க்கிறார்.

போப் காலத்து அச்சகங்கள் இன்று நம் கைபேசிக்குள் வந்துவிட்டன. பங்குப் பேரவையில் நடந்தது கூட்டம் முடியுமுன் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. பாடகற்குழுவின் பிழை, மறையுரையின் நீளம், அன்பியத் தலைவரின் தோற்றம் எல்லாமே கேலிப்படமாகின்றன. புனிதம் பற்றி 2018இல் எழுதிய திருத்தூது ஊக்கவுரையில், இணையதளங்களில் கிறிஸ்தவர்களும் சொல்வன்முறையில் சிக்கிக்கொள்கிறார்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் கவலை தெரிவித்தார். சிறு தீப்பொறி பெருங்காட்டை எரிப்பதுபோல் நாவும் எரிக்கும் என்பதை யாக்கோபு திருமுகத்தின் 3ஆம் அதிகாரம் முன்பே சொல்லிவிட்டது.

எனவே ஒருவரைக் குறை சொல்லுமுன் மூன்று கேள்விகளை நம்மிடமே கேட்டுக்கொள்வோம். அவர் செய்ததை முழுமையாகப் பார்த்தோமா, அல்லது ஒரு துண்டை மட்டும் பிடித்துக்கொண்டோமா? நாம் சுட்டுவது அவருடைய தவறையா, அவருடைய உடலையும் வறுமையையுமா? இதைச் சொல்வதால் அவர் நலம் பெறுவாரா, நம் மனம் மட்டும் ஆறுதல் அடையுமா? முதல் இரண்டு கேள்விகளும் போப் 23 வயதில் தாமே அறிந்திருந்த நெறிகள். மூன்றாவது, இறக்கும் நிலையில் இருந்த நண்பர் அவருக்குச் சொன்னது. அறிந்தும் கடைப்பிடிக்க அவர் ஆயுள் முழுவதும் போராட வேண்டியிருந்தது. நமக்கும் அது எளிதல்ல.

நம்மைக் காயப்படுத்தியவர் தளர்ந்து நிற்கும் நாளில், குத்தல் கலவாத ஒரு நற்சொல்லையாவது நாம் அவருக்குக் கொடுப்போம். நம் உதடுகளுக்குக் காவல் வைக்குமாறு இறைவனை வேண்டுவோம். நம் சொற்கள் சாட்டையாக அல்ல, மருந்தாக அமையட்டும். ஆமென்.